என்ஹெச்எல்-ஐ விட்டுப் போனால் ஒரு விங்கரின் ஆட்டம் முடிந்துவிட்டதா?

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் ஒரு விங்கர் (ஓரத்திலிருந்து தாக்கி ஆடுபவர்) என்ஹெச்எல் என்ற வட அமெரிக்க லீக்கை விட்டு ரஷ்யா, ஐரோப்பா லீக்குகளுக்குப் போனால் அவர் காலம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பல பேருக்கு அப்படித்தான் ஆகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதையே விதியாகப் பிடித்துக்கொண்டால் யாரோமிர் யாகரைப் புரிந்துகொள்ளவே முடியாது. நான் பல வருடங்களாக விரும்பிப் பார்க்கிற ஆட்டக்காரர் அவர். அவர் எந்த ஊரில், எந்த லீக்கில் ஆடினாலும் தேடிப் பார்ப்பேன். அதனால் அவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

1972-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் கிளாட்னோவில் பிறந்தவர். பிராக் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் நிலக்கரி, எஃகு ஊர் அது. கூட்டுப்பண்ணை முறையை எதிர்த்துச் சிறைக்குப் போன தாத்தா இறந்தது 1968-ல். சோவியத் டாங்குகள் நாட்டுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டில்தான். யாகர் தன் முதுகில் 68 என்ற எண்ணை அணிந்ததற்குக் காரணம் இதுவே.

1990-ல் என்ஹெச்எல் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அவரை 5-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஆங்கிலம் வராது, வீட்டு நினைப்பு வேறு. அந்த டிசம்பரிலேயே இன்னொரு செக் வீரரான யிரி ஹர்டினாவை அணி வரவழைத்தது. பேச்சுத்துணை கிடைத்தது, ஆட்டமும் நிமிர்ந்தது. 1991, 1992 இரண்டு வருடமும் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. அதன் பிறகு 5 முறை லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவும் அசிஸ்டுக்கு ஒன்று). 1995-96-ல் 62 கோல், 87 அசிஸ்ட், மொத்தம் 149 புள்ளிகள்.

அவர் வலது விங்கர், ஆனால் இடது கைப் பழக்கத்தில் மட்டையைப் பிடிப்பவர். இதனால் வலது ஓரத்திலிருந்து உள்ளே திரும்பும்போதே கோலை நோக்கி அடிக்க வாகாக இருக்கும். அதைவிட முக்கியம் அவருடைய இடுப்பும் தொடையும். சிறுவயதிலிருந்தே தினமும் 1000 தோப்புக்கரணம் போட்ட உடம்பு. எதிராளிக்கு முதுகைக் காட்டி, காலை அகட்டி, நீண்ட கையால் பக் எனும் ரப்பர் வட்டைத் தூரத்தில் வைத்துக்கொள்வார். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையமாட்டார். இந்தத் திறமை வேகத்தை நம்பி இல்லை. வயதானாலும் அது குறைவாகவே தேயும். என்ஹெச்எல் களத்தைவிடச் சுமார் 13 அடி அகலமான ஐரோப்பியக் களத்திலும் அது செல்லும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1994-ல் என்ஹெச்எல் முதலாளிகள் கதவடைப்புச் செய்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். யாகருக்கு அப்போது 22 வயது. கிளாட்னோவுக்குத் திரும்பி ஆடினார், இத்தாலியில் போல்சானோ அணிக்கு ஆடினார், ஜெர்மனியில் ஷால்கர் ஹாயே அணிக்காக ஒரே ஓர் ஆட்டமும் ஆடினார். கதவு திறந்ததும் பிட்ஸ்பர்க் வந்து அதே பருவத்தில் முதல்முறையாகப் புள்ளிப் பட்டம் வென்றார். எரிக் லிண்ட்ராஸும் அவரும் தலா 70 புள்ளிகள் எடுத்திருந்தார்கள். கோல் கூடுதலாக இருந்ததால் பட்டம் யாகருக்கு. வெளி லீக்கில் ஆடியது அவரைக் கெடுத்ததா?

பிட்ஸ்பர்க்குக்குப் பிறகு அவர் வாஷிங்டன் அணியில் இருந்த காலத்தை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். 7 வருடத்துக்கு 77 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அதற்கேற்ற ஆட்டம் வரவில்லை. 2004-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 2004-05 பருவம் முழுவதும் மறுபடி கதவடைப்பு. கிளாட்னோவிலும் பிறகு சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரத்து அவன்கார்டிலும் ஆடினார். அந்தப் பருவம் முடிந்ததும் செக் அணிக்காக உலகச் சாம்பியன். அடுத்த வருடம் ரேஞ்சர்ஸுக்கு 54 கோல், 123 புள்ளிகள், இரண்டுமே அந்த அணியின் சாதனை. 'போய்விட்டார்' என்று எழுதப்பட்டவர் அடித்த கணக்கு இது.

2008-ல், 36 வயதில், அவராகவே மீண்டும் ஓம்ஸ்க் போனார். அந்த அணி ஆடிய கேஹெச்எல் அப்போதுதான் பிறந்த ரஷ்ய லீக். 68-ஐ முதுகில் சுமந்தவர் ரஷ்ய அணிக்கு ஆடுகிறாரே என்று கேட்டவர்கள் உண்டு. டாங்குகளை அனுப்பிய ஆட்சியும் அரங்கில் கைதட்டிய ஓம்ஸ்க் மக்களும் ஒன்றில்லை என்பது என் எண்ணம். அந்த அக்டோபரில் செகோவ் நகரில் நடந்த ஆட்டத்தில், அவரோடு ஒரே வரிசையில் ஆடிய 19 வயது அலெக்சி செரெபனோவ் பெஞ்சில் சரிந்து விழுந்தார். அரங்கில் இருக்க வேண்டிய ஆம்புலன்ஸ் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. பையன் பிழைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாகர். அதற்குப் பிறகும் அங்கேயே இருந்து மொத்தம் 3 பருவம் ஆடினார். என்ஹெச்எல்-இல் வசதியாக இருந்திருக்கலாமே என்று சொல்பவர்களிடம் இந்த 3 வருடத்தை ஓய்வுக்காலம் என்று சொல்லாதீர்கள் என்பேன். 2010-ல், ஓம்ஸ்க் ஆட்டக்காரராக இருந்தபடியே, மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். இறுதியாட்டத்தில் செக் அணி தோற்கடித்தது ரஷ்யாவை.

39 வயதில் என்ஹெச்எல் திரும்பினார். பிலடெல்பியா, டாலஸ், பாஸ்டன், நியூஜெர்சி, புளோரிடா, கால்கரி என்று அணி மாறிக்கொண்டே இருந்தார். பாஸ்டனோடு 2013 இறுதிச் சுற்றுவரை போய்ச் சிகாகோவிடம் தோற்றார். கோப்பைக்கான அந்தப் பிளேஆஃப் சுற்றுகளில் ஒரு கோலும் இல்லை, 10 அசிஸ்ட். புளோரிடாவில் 44 வயதை எட்டிய பருவத்தில் 66 புள்ளிகள். எடை கூட்டிய அங்கியோடு இரவு வெகுநேரம் தனியாகப் பயிற்சி செய்பவரைப் பார்த்து இளம் வீரர்கள் வியந்தார்கள். கால்கரியில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, 22 ஆட்டத்தில் 1 கோல்.

என்ஹெச்எல்-இல் அவருடைய மொத்தக் கணக்கு 1733 ஆட்டம், 766 கோல், 1921 புள்ளிகள். புள்ளிகளில் அவருக்கு மேலே வெய்ன் கிரெட்ஸ்கி ஒருவர்தான். ஓம்ஸ்க் போவதற்கு முந்தைய பருவத்தில் 71 புள்ளிகள் எடுத்திருந்தார். 2000-ஐத் தொட இன்னும் 79 போதும். அந்த 3 வருடமும் என்ஹெச்எல்-இல் இருந்திருந்தால் சுலபமாகத் தாண்டியிருப்பார். மூன்று கதவடைப்புகள் தின்ற ஆட்டங்கள் தனி. ஆகவே அவரை அந்த ஒரு லீக்கின் அட்டவணையை மட்டும் வைத்து அளந்தால் பாதி வாழ்க்கை கணக்கிலேயே வராது.

2018 ஜனவரியில் கால்கரி அவரைக் கிளாட்னோவுக்கு அனுப்பியது. கிளாட்னோ அப்போது செக் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் கிடந்தது. அப்போது அந்த அணியின் முதலாளியும் அவரே. இதைத்தான் பலர் வீழ்ச்சி என்கிறார்கள். 2019-ல், 47 வயதில், முதல் நிலைக்கு ஏறும் சுற்றில் ஒரே ஆட்டத்தில் 4 கோல் போட்டார். அணி ஏறியது, 2020-ல் இறங்கியது, 2021-ல் மறுபடி ஏறியது. தான் களத்தில் இறங்கினால்தான் விளம்பரதாரர்கள் அணியோடு நிற்கிறார்கள் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2024 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அவருடைய 68-ஐ இனி யாருக்கும் தராமல் ஓய்வளித்து விழா எடுத்தபோது அவருக்கு 52 வயது. அந்தப் பருவத்திலும் கிளாட்னோ சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்.