இன்ஸ்டால் பண்ண கேமை சி டிரைவ்ல இருந்து டி-க்கு மாத்த முடியுமா, திரும்ப டவுன்லோட் பண்ணாம?

தாராளமா முடியும்ங்க. சி டிரைவ் செவப்பா காட்டுது, ஜிடிஏ 5 ஒண்ணே 100 ஜிபிக்கு மேல புடிச்சிருக்கு, டி சும்மா கெடக்கு, ஃபோல்டரை கட் பண்ணி பேஸ்ட் பண்ணா போதுமான்னு கேட்டிருக்கீங்க. அது மட்டும் போதாது, கேம் எங்க இருக்குன்னு லாஞ்சர் (ஸ்டீம், எபிக் மாதிரி கேமை வாங்கி இறக்கி திறக்கற ஆப்) தனியா எழுதி வெச்சிருக்கும், நீங்க தூக்கிட்டு போனது அதுக்கு தெரியாது, இன்ஸ்டால்னு பட்டனை காட்டிட்டு நிக்கும்.

நான் கோத்தகிரி. 20 எம்பிபிஎஸ் லைன் நிக்காம வந்தாலே 100 ஜிபி இறங்க 11 மணி நேரம் ஆகும், ஐப்பசி மழைல எங்கயாவது ஒரு மரம் கம்பி மேல சாஞ்சா கரண்டும் போச்சு நெட்டும் போச்சு. அதனால அழிச்சிட்டு மறுபடி இறக்கிக்கோன்னு யாராவது சொன்னா இங்க அடிக்கத்தான் வருவாங்க.

எதுல வாங்கினதுன்னு நீங்க சொல்லல. ஸ்டீம்னா வேலை ரொம்ப சுலபம். செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் போய் டி டிரைவை சேருங்க, அப்புறம் லைப்ரரில கேம் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அங்கயே மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர்னு இருக்கும், அவ்ளோதான். லேப்டாப்னா சார்ஜர் சொருகிட்டு பண்ணுங்க.

யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பா இருந்து, மழையும் புடிச்சிருந்தா நான் மூவ் பட்டன் பக்கமே போக மாட்டேன், கையால காப்பி பண்ணுவேன் (கட் இல்ல, காப்பி!). பாதில கரண்ட் போனாலும் சி-ல இருக்கறது அப்படியே இருக்கும். முதல்ல டி-ல ஸ்டீம் லைப்ரரி ஒண்ணு சேர்த்துட்டு ஸ்டீமை முழுசா மூடிடுங்க. பழைய இடத்துல ஸ்டீம்ஆப்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள காமன், அதுலதான் கேம் இருக்கு. நிறைய பேர் அதை மட்டும் எடுத்துட்டு போய் ஏமாந்துடறாங்க, ஸ்டீம்ஆப்ஸ்லயே வெளிய ஆப்மேனிஃபெஸ்ட்னு ஆரம்பிச்சு ஒரு நம்பரோட சின்ன சின்ன ஃபைலா கெடக்கும் பாருங்க, ஜிடிஏ 5 பழைய (லெகசி) வெர்ஷனுக்கு அந்த நம்பர் 271590, அதுவும் கூடவே போகணும். கேம் ஃபோல்டர் டி-ல இருக்கற காமனுக்குள்ள, இந்த சின்ன ஃபைல் அதுக்கு வெளிய ஸ்டீம்ஆப்ஸ்ல. பழைய இடத்துல இருக்கற அந்த சின்ன ஃபைலை மட்டும் டெஸ்க்டாப்புக்கு எடுத்து வெச்சிட்டு ஸ்டீமை திறங்க, இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்லயே வெரிஃபை கொடுங்க, ஏதாவது உடைஞ்சிருந்தா அதை மட்டும் இறக்கிக்கும். கேம் ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் சி-ல அழிங்க.

எபிக்ல வாங்கினதுன்னா பழைய வித்தை ஒண்ணு இருக்கு. கேம் ஃபோல்டரை வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சிட்டு அன்இன்ஸ்டால் பண்ணுங்க, டி-ல புதுசா இன்ஸ்டால் ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு பர்சென்ட் ஓடினதும் நிறுத்திட்டு லாஞ்சரை மூடி, காப்பியை அந்த புது ஃபோல்டருக்குள்ள கொட்டி ரிப்ளேஸ் கொடுத்து, திரும்ப திறந்து ரெஸ்யூம் பண்ணா இருக்கற ஃபைலை எல்லாம் செக் பண்ணிட்டு மிச்சத்தை மட்டும் இறக்கும்.

சிடி போட்டு ஏத்தின பழைய கேம் சிலது பாதையை ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் செட்டிங்ஸ் எல்லாம் எழுதி வெக்கற இடம்) எழுதிட்டு அடம் புடிக்கும். அதுக்கு ஜங்ஷன்தான் மருந்து, அதாவது பழைய இடத்துல நின்னு புது இடத்தை கை காட்டற ஒரு ஃபோல்டர். ஃபோல்டரை டி-க்கு மாத்திட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்ல எம்கேலிங்க், ஸ்லாஷ் ஜே (mklink /J), அப்புறம் பழைய பாதை, அப்புறம் புது பாதை, ரெண்டு பாதையும் கோட்ஸ்குள்ள. பழைய இடத்துல அதே பேர்ல ஃபோல்டர் இருக்கக் கூடாது, இருந்தா எர்ரர் அடிக்கும். முடிஞ்சதும் சி-ல அம்புக்குறியோட ஒரு ஃபோல்டர் தெரியும், கேம் இன்னும் சி-லயே இருக்கோம்னு நினைச்சுட்டு ஓடும்.

சேவ் ஃபைல் பத்தி பயப்படாதீங்க, ஜிடிஏ எல்லாம் டாக்குமெண்ட்ஸ்க்குள்ளதான் சேவ் பண்ணும், நீங்க நகர்த்தறதுல அது அசையாது.

கீழ கோயமுத்தூர் போய் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி அதுல போட்டு ஆடற ஐடியா இருந்தா, நீல கலர் யூஎஸ்பி ஓட்டைல சொருகுங்க, பழைய யூஎஸ்பி 2-ல 100 ஜிபி காப்பி ஆகவே ஒரு மணி நேரம் ஆயிடும். டிஸ்க் ஃபேட்32-ங்கற பழைய முறைல ஃபார்மேட் ஆகியிருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா இருக்கறது ஏறவே ஏறாது, என்டிஎஃப்எஸ்க்கு மாத்திக்கோங்க. டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல அதுக்கு ஜி, எச்னு ஒரு எழுத்தை நிலையா கொடுத்துடுங்க, இல்லன்னா பென் டிரைவ் சொருகி இருக்கற அன்னிக்கு எழுத்து மாறி கேமை காணோம்னு மறுபடி இங்க வந்து கேப்பீங்க.