ஃபெடரல் கிராண்ட் வருமா வராதா என்று தெரியாமல் ஒரு அமெரிக்க நகரம் எப்படிக் கணக்குப் போடுகிறது?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஃபெடரல் அரசின் மானியம் வருமா, பாதியில் நிற்குமா என்று தெரியாத நிலையில் ஒரு நகர நிர்வாகம் எப்படிச் சமாளிக்கிறது? படித்ததும் வயிற்றில் லேசாக ஒரு கலக்கம். ஏனென்றால் இதுதான் என் பிழைப்பு. மத்திய மேற்கில், ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஒரு நகரத்தின் நிதித் துறையில் பதினோரு வருடமாக கிராண்ட் கணக்கு பார்க்கிறேன். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். வேலை வேண்டும்.

கேட்டவர் பொது நிர்வாகம் படிக்கிற மாணவர் என்று நினைக்கிறேன். அசைன்மென்டுக்காக இருந்தால் இந்தப் பதில் அவ்வளவாக உதவாது. பாடப்புத்தகத்தில் இருப்பது வேறு, எங்கள் மூன்றாவது மாடியில் நடந்தது வேறு.

அப்புறம், மத்திய அரசா ஒன்றிய அரசா என்ற சண்டையைக் கருத்துப் பெட்டிக்குக் கொண்டு வராதீர்கள். நான் ஃபெடரல் என்றே எழுதிவிடுகிறேன். கட்சிச் சண்டையும் வேண்டாம். எங்களுக்கு வருடாவருடம் வரும் சமூக மேம்பாட்டு மானியம், சுருக்கமாக சி.டி.பி.ஜி., 1974இல் ஜெரால்ட் ஃபோர்ட் என்ற குடியரசுக் கட்சி அதிபர் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. 2013இல் பல ஃபெடரல் செலவுகளிலும் ஒரே கத்தியாக வெட்டு விழுந்தபோது ஒபாமா அதிபர். இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கிராண்ட் என்றால் வாஷிங்டன் ஒரு செக் அனுப்பும், நாங்கள் அதை வங்கியில் போட்டுச் செலவு செய்வோம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எங்கள் கவுன்சில் உறுப்பினர்களிலேயே சிலர் அப்படி நினைக்கிறார்கள். பெரும்பாலான கிராண்டுகளில் நடப்பது தலைகீழ். நகரம் கைக்காசைப் போட்டு ரோடு போடும், நடைபாதை கட்டும், பழைய வீட்டில் ஈயப் பெயின்ட்டைச் சுரண்டும். பிறகு இன்வாய்ஸ், சம்பளப் பதிவு எல்லாம் சேர்த்து கிளெய்ம் போடுவோம். அப்புறம்தான் பணம் வரும். வாடகைக்கு இருப்பவர் ஒழுகும் கூரையைத் தன் காசில் சரிசெய்துவிட்டு வீட்டுக்காரரிடம் பில்லை நீட்டுவது மாதிரி. வீட்டுக்காரர் நல்லவராக இருக்கும் வரை பிரச்சினை இல்லை.

அதனால் எந்த ஒரு நாளிலும் நகரத்தின் பணம் கொஞ்சம் வெளியே நின்றுகொண்டேதான் இருக்கும். ஃபெடரல் அரசுக்கு நாங்கள் கொடுத்த கைமாற்று என்றே சொல்லலாம். அந்தத் தொகை எவ்வளவு என்று எனக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று தெரியவில்லை. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்திலிருந்து இரண்டு பக்க மெமோ ஒன்று போனது. கிராண்ட், கடன் என்று ஃபெடரல் நிதியுதவி எல்லாவற்றையும் செவ்வாய் மாலை ஐந்து மணியிலிருந்து தற்காலிகமாக நிறுத்து என்று. அது கிழக்கு நேரம். எங்கள் ஊரில் நாலு மணி. எதெல்லாம் இதில் சேரும், எதெல்லாம் சேராது என்று மெமோவில் தெளிவில்லை. செவ்வாய் காலை எட்டு மணிக்கு எங்கள் டைரக்டர் என் மேசைக்கே வந்துவிட்டார். கத்துகிற ஆள் இல்லை அவர். மெதுவாக ஒரே கேள்வி: "இன்றைக்கு நம் பணம் எவ்வளவு வெளியே இருக்கிறது?"

வாய் திறக்க முடியவில்லை. நாற்பதுக்கு மேல் கிராண்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், ஒரு கடவுச்சொல், ஒரு கணக்கு முறை. வீட்டு வசதித் துறைக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று, தீயணைப்பு வீரர்களின் சம்பளத்துக்கு ஒன்று. மாத முடிவில் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டு வருவேன், தினமும் இல்லை. பன்னிரண்டரை மணி ஆயிற்று தொகை வர. இரண்டே கால் மில்லியன் டாலருக்குப் பக்கத்தில்.

அதில் சுமார் 3,80,000 டாலர் என்னால் நின்றது. சொல்லியே விடுகிறேன். டிசம்பர் காலாண்டுக் கிளெய்மை நான் இன்னும் அனுப்பவே இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போய், பொங்கல் முடித்துத்தான் திரும்பினேன் என்பது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. நடைபாதை வேலையின் ஒப்பந்ததாரர் வாராவாரம் தர வேண்டிய சம்பளப் பதிவேட்டில், ஒரே ஒரு வாரத்துக்கு, இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை. ஆடிட்டில் மாட்டும் என்று மொத்தக் கிளெய்மையும் கட்டி வைத்திருந்தேன். என் கிளெய்ம் எதுவும் இதுவரை ஆடிட்டில் திரும்பியதில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தின் விலைதான் அன்றைக்கு வெளியே நின்றது.

"நல்ல கணக்காளர் என்றால் காகிதம் சரியாக இருந்தால்தான் அனுப்பணும்" என்று யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். சரிதான். அந்த ஒரு வாரத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை அனுப்பியிருக்கலாமே என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. மெமோ வந்த பிறகு பத்து நிமிடத்தில் தோன்றியது.

மதியம் ஒரு மணிக்கு அனுப்ப உட்கார்ந்தேன். நாடு முழுக்க என்னை மாதிரி எத்தனை பேர் அதே நேரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்! ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் தளம் பல மாநிலங்களில் திறக்கவில்லை என்று செய்தி வந்துகொண்டிருந்தது. என் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. மூன்று தடவை வெளியே தள்ளியது. மூன்றரைக்குத்தான் ரசீது எண் வந்தது. நாலு மணிக்குச் சில நிமிடம் முன்பு, வாஷிங்டனில் நீதிபதி லோரன் அலிகான் அந்த மெமோவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார். மறுநாள் மெமோவையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் பணம் ஒன்பதாவது நாள் வந்தது. ஆக ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். நான் அந்த ஒன்பது நாளும் சரியாகத் தூங்கவில்லை.

இதற்கு முன்னாலும் நிச்சயமின்மை இல்லாமலில்லை. எங்கள் நிதியாண்டு ஜூலை 1, ஃபெடரல் ஆண்டு அக்டோபர் 1. அவர்கள் பட்ஜெட் பெரும்பாலும் நேரத்துக்கு நிறைவேறுவதே இல்லை. அதனால் எங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியாமலேயே ஜூனில் எங்கள் பட்ஜெட்டை நிறைவேற்றிவிடுவோம். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் நாலு பட்ஜெட்டிலும் சி.டி.பி.ஜி.க்குப் பூஜ்யம்தான் போட்டிருந்தார்கள். நாலு தடவையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் கொடுத்தது. அதில் பழகிப்போய், "இவர்கள் இப்படித்தான், கடைசியில் வரும்" என்று ஒரு மெத்தனம் வந்துவிட்டது எங்களுக்கு. அடுத்த வருடப் பணம் குறையலாம் என்பது பழைய பயம். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுச் செலவும் செய்துவிட்ட பணம் நிற்கலாம் என்பதை நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை. 2025 பிப்ரவரியில் இன்னொன்று பார்த்தோம். நியூயார்க் நகரத்தின் வங்கிக் கணக்கில் ஏற்கெனவே போட்டிருந்த சுமார் 80 மில்லியன் டாலரை ஃபெடரல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. கைக்கு வந்த பணமும் பத்திரமில்லை என்று அன்று எங்கள் டைரக்டர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

சரி, என்னதான் செய்தோம்? முதல் வேலை, காலாண்டுக் கிளெய்ம் ஒழிந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், எந்தத் தளம் அனுமதிக்கிறதோ அங்கெல்லாம், அந்த வாரம் செலவானதைக் கேட்டுவிடுவோம். கேட்க எளிதாக இருக்கிறது. வேலை மூன்று மடங்கு. கூடுதல் ஆள் கேட்டேன். ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள், ஏன் என்றால் கிராண்ட் வருமா என்று தெரியாதாம்!

இரண்டாவது, கிராண்டுகளைத் தொகை வாரியாகப் பார்ப்பதை விட்டோம். எங்கள் வக்கீல் அம்மா கேட்ட கேள்வி இது: "நாளைக்கு நின்றால், நாம் யாருக்குக் கடன்பட்டிருப்போம்?" ஒப்பந்ததாரரோடு நாங்கள் போட்ட ஒப்பந்தம் வாஷிங்டன் நிறுத்தியதால் நின்றுவிடாது. அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பெரிய தொகையாக இருந்தாலும் இன்னும் ஒப்பந்தம் போடாதது ஆபத்தில்லை. சின்னத் தொகை, ஆனால் குழி தோண்டியாயிற்று என்றால் அதுதான் ஆபத்து. அதற்குப் பிறகு போடுகிற எல்லா ஒப்பந்தத்திலும், ஃபெடரல் நிதி வந்தால்தான் வேலை தொடரும் என்று ஒரு வரி சேர்த்தோம். ஒப்பந்ததாரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த ரிஸ்க்கையும் சேர்த்து விலையை ஏற்றிக் கேட்கிறார்கள். நியாயம்தான்.

வெள்ளத் தடுப்புக்காக ஒரு பெரிய வடிகால் திட்டம் வைத்திருந்தோம். பேரிடர் வருமுன் தடுக்கும் வேலைகளுக்கென்று ஃபெடரல் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா நடத்திய பிரிக் என்ற திட்டத்தில் எங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டிரம்ப் 2018இல் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த திட்டம் அது. 2025 ஏப்ரல் 4 அன்று அதை ரத்து செய்தார்கள். இருபது மாநிலங்கள் வழக்குப் போட்டு, டிசம்பரில் அந்த ரத்து சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பும் வந்தது. ஆனால் நகரம் தீர்ப்புக்காகக் குழியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முடியாதே. திட்டத்தை மூன்றாக வெட்டி, எங்கள் காசில் முடிகிற ஒரு துண்டை மட்டும் எடுத்தோம். மற்ற இரண்டு தெருக்காரர்கள் மழை வரும்போதெல்லாம் போன் செய்கிறார்கள்.

கையிருப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அரசு நிதி அலுவலர்கள் சங்கம் குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைக் கையிருப்பில் வைக்கச் சொல்கிறது. எங்களிடம் அதைவிடக் கொஞ்சம் கூடவே உண்டு. அதை எடுத்து ஓட்டைகளை அடைக்கலாம் என்று ஒரு கவுன்சில் உறுப்பினர் மேடை போட்டுப் பேசினார். கைமாற்று திரும்பி வரும் என்று தெரிந்தால் எடுக்கலாம். வராது என்றால் அது கையிருப்பைக் கரைப்பது. எது என்று தெரியாத நிலையில் கொஞ்சம் எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். கடைசியில் ஒரு தொகையை மட்டும் தனியே ஒதுக்கி, அதற்கு மேல் பணம் வெளியே நின்றால் புதிய வேலை எதுவும் தொடங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம். வெள்ளிக்கிழமைக் கணக்கு இல்லாவிட்டால் அதுவும் வெறும் காகிதம்தான்.

கிராண்டில் கையெழுத்துப் போடலாமா என்பதே இன்னொரு தலைவலி. குடியேற்றம், பன்முகத்தன்மை போன்றவை பற்றி ஃபெடரல் அரசு சேர்த்த புதிய நிபந்தனைகளை ஏற்கிறோம் என்று உறுதி கொடுத்து, பின்னால் அது பொய் என்று ஆனால், பொய்க் கிளெய்ம் சட்டத்தில் நஷ்டத்தைப் போல் மூன்று மடங்கு கேட்க முடியும். கிங் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), பாஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோ போன்றவை 2025 மே மாதம் அந்த நிபந்தனைகளுக்கு எதிராகச் சியாட்டலில் வழக்குப் போட்டுத் தடை வாங்கின. எங்களைப் போன்ற ஊர்கள் பெரிய ஊர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தோம். கோழைத்தனம் என்பீர்கள். எங்கள் சட்டத் துறையில் மூன்று பேர்தான்.

ஆனால் எங்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் வந்தது பணத்தில் இல்லை. கிராண்டில் சம்பளம் வாங்கும் பதினான்கு பேரைக் கூப்பிட்டு, உங்கள் வேலைக்கு உத்தரவாதம் சொல்ல முடியவில்லை என்று டைரக்டர் நேரடியாகச் சொன்னார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதில் ஒருவர் பழைய வீடுகளில் ஈயப் பெயின்ட் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். ஏப்ரலில் பக்கத்து கவுண்டியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருக்கான கிராண்ட் ஒரு டாலர் குறையாமல் வந்தது. ஆள் இல்லை. ஏழு மாதம் அந்த நாற்காலி காலி. பணம் வந்தும் வேலை நடக்கவில்லை. என் ஸ்ப்ரெட்ஷீட்டில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இங்கே ஒரு சொந்தப் புலம்பல். தலைப்புக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்த் தமிழர்கள் பொங்கல் விழாவில் கூடும்போது, புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது "எந்த கம்பெனி?" நகராட்சி என்றால் ஒரு நிமிடம் மௌனம். பிறகு, "ஓ, கான்ட்ராக்ட்ல இருக்கீங்களா?" பெரியப்பா ஒருவர் ஊரிலிருந்து வீடியோ காலில், "அமெரிக்கா போயும் முனிசிபாலிட்டிதானாம்மா?" என்று கேட்டார். பிறப்புச் சான்றிதழுக்கு நாலு தடவை நடந்த மனுஷன், அவர் கோபம் அவருக்கு. ஆனால் அதே விழாவில், வீட்டு வரி ஏன் ஏறியது, தெரு ஏன் இன்னும் போடவில்லை என்று என்னைச் சுற்றி நின்று கேட்கிறவர்களும் இவர்கள்தான். பதில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் சர்க்கரைப் பொங்கல் எடுக்கப் போய்விடுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் ஃபெடரல் அரசு மூடிக் கிடந்தபோது, எங்கள் கிராண்டைப் பார்க்கும் ஃபெடரல் அலுவலருக்கு மெயில் போட்டால் விடுப்பில் இருப்பதாகத் தானாகப் பதில் வரும். அப்போது டைரக்டர் மறுபடி என் மேசைக்கு வந்தார். அதே கேள்வி. இந்தத் தடவை ஒரு நிமிடத்தில் சொன்னேன்: ஆறு லட்சத்துப் பத்தாயிரம். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பாராட்டு ஒன்றும் இல்லை, எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த நடைபாதை ஒப்பந்ததாரர் இன்னும் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட மறக்கிறார். அவருடைய வாரத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை அனுப்பிவிடுகிறேன்.