பங்குனியில் வரவா, வழியனுப்பா? டெல்டா பறவைகள் கேள்வி பதில்

சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து முளைக்கும் நேரத்தில்தான் எனக்குக் கேள்விகள் அதிகம் வரும். வேதாரண்யம் உப்பளத்திலும் வடுவூர் ஏரிக்கரையிலும் பல வருடமாகத் தொலைநோக்கியோடு திரிகிறவன் என்பதால் கேட்கிறார்கள். இந்த மாசியில் வந்தவற்றுக்கு மொத்தமாக இங்கே பதில்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: சார், வசந்தத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் என்று படித்தேன். பங்குனியில் கோடியக்கரைக்குப் போனால் அதைப் பார்க்கலாமா?

நீங்கள் படித்தது ஐரோப்பாக்காரர்கள் எழுதியதாக இருக்கும். வசந்தம் அவர்களுக்கு வரவு, நமக்கு வழியனுப்பு. நம் ஊர் வரவு புரட்டாசி, ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிவிடும்.

ஆனாலும் பங்குனியில் போங்கள். இலங்கை வரை போன பறவைகள் திரும்பும்போது கடலைத் தாண்டி வந்து கால் வைக்கும் இடங்களில் கோடியக்கரையும் ஒன்று. வந்த களைப்புத் தீர இரை தின்னும், கொழுப்புச் சேர்க்கும், அப்புறம் ஒரு ராத்திரி கிளம்பிவிடும். நேற்று வெறிச்சென்று கிடந்த உப்பளப் பாத்தி இன்று காலை நிறைந்திருக்கும், நாளை மறுபடி காலி. பார்க்கிறவனைப் பைத்தியமாக்கும் மாதம் இது.

இன்னொரு லாபம், உடுப்பு மாற்றம். சேற்றில் இரை தேடும் சின்னப் பறவைகளான உள்ளான்கள் எல்லாம் மார்கழியில் ஒரே சாம்பல் நிறம், எது எதுவென்று பிரிப்பதற்குள் கண் பூத்துப்போகும். பங்குனி, சித்திரையில் வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறும். அதே சேற்றில் மேயும் உப்புக்கொத்திகளில் சிலவற்றின் மார்பில் செம்மஞ்சள் பட்டை ஏறும். மீசை ஆலா என்ற நீர்ப்பறவையின் வயிறு கறுக்கும். போகிற இடத்தில் ஜோடி சேர வேண்டுமே, அதற்கான கல்யாண உடுப்பு. முழுசாகப் போட்டு முடிக்கும்முன் பல கிளம்பிவிடும். பாதி மாறிய இறகோடு திட்டுத்திட்டாக நிற்கும் பறவையைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: மேட்டூரை அடைத்ததும் ஏரி குளமெல்லாம் வற்றுகிறது. தண்ணீர் இல்லாததால்தான் பறவை போகிறதா?

பாதி சரி. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் அடைப்பார்கள். அதற்குப் பிறகு நீர் இறங்க இறங்க ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆழமுள்ள ஏரியைத் தேடி இடம் மாறும். ஆனால் ஊர் திரும்பும் நாளைச் சொல்வது தண்ணீர் அல்ல. பகல் நீள்வதை உடம்பு உணர்ந்துகொள்கிறது. ஏரி நிரம்பி வழிந்தாலும் அவை போகத்தான் போகும்.

வற்றுவது எல்லாப் பறவைக்கும் கெடுதலும் இல்லை. வாத்துக்குத் தண்ணீர் வேண்டும், உள்ளானுக்குச் சேறு வேண்டும். கணுக்கால் அளவு நீரும் ஓரத்தில் ஈரச் சேறுமாக ஏரி கிடக்கும் இரண்டு மூன்று வாரம்தான் விருந்து. உங்கள் ஊர்ப் பக்கமே உதயமார்த்தாண்டபுரம் இருக்கிறதே, அந்த நாட்களில் போய்ப் பாருங்கள்.

அதே விவசாயி: சாயங்காலம் கூட்டம் கூட்டமாக, புகை மாதிரி சுழன்று பறக்கிறதே, என்ன குருவி? உளுந்தைத் தின்றுவிடுமா?

சோளக்குருவி. ரோஜா நிற உடம்பு, கறுப்புத் தலை, மைனாவின் பங்காளி. சோளக்காட்டில் கதிரைத் தின்னும் என்பதால் அந்தப் பெயர். உளுந்துக்குப் பயப்பட வேண்டாம், உங்கள் வயலில் அது தேடுவது வெட்டுக்கிளியையும் புழுவையும். மத்திய ஆசியப் புல்வெளியில் குஞ்சு பொரிப்பதே வெட்டுக்கிளியை நம்பித்தான். மருந்து அடித்த வயலில் இறங்கினால் நஷ்டம் அதற்குத்தான்.

மன்னார்குடி, ஆசிரியை: பள்ளிப் பாடத்தில் வரும் செங்கால் நாரை, நம் வயலில் நிற்கும் நாரைதானா?

இல்லை அம்மா. வயலில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். நம் நாட்டுப் பறவைதான், வடுவூரிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் பார்க்கலாம். பனங்கிழங்கைப் பிளந்தது போன்ற சிவந்த கூர் அலகு செங்கால் நாரைக்கு உரியது. அது குளிர்காலத்தில் வந்து வடக்கே திரும்பும் விருந்தாளி, இப்போது இந்தப் பக்கம் அபூர்வம். அந்தப் பாட்டில் புலவர் அதனிடம் தூது சொன்னது அது வடக்கே திரும்பும் நேரத்தில் என்பதைக் கவனியுங்கள். ஆள் பறவை பார்க்கத் தெரிந்தவர்.

பட்டுக்கோட்டை, இல்லத்தரசி: குயில் இப்போதுதான் கூவுகிறது. அதுவும் வெளியூரிலிருந்து வந்ததா?

அதே மரத்தில்தான் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. காக்கை கூடு கட்டும் காலம் நெருங்குவதால் ஆண் குயில் கூவுகிறது. முட்டையிட அந்தக் கூடுதான் வேண்டும்.

வடுவூர், கடைக்காரர்: ஏரிக்கு 'ராம்சார்' அந்தஸ்து என்கிறார்கள். யார் அந்த ராம் சார்?

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு டீ. அது ஆள் இல்லை, ஈரான் நாட்டு ஊர். 1971-ல் அங்கேதான் ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. கோடியக்கரை 2002-லும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024-லும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

திருவையாறு, வங்கி ஊழியர்: கரைவெட்டியில் இமயமலை தாண்டி வரும் வாத்து இருக்கிறதாமே?

வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். இமயம் தாண்டியது கொள்ளிடத்துக்கு வடகரையோடு நின்றுகொள்கிறதே என்று தஞ்சாவூர்க்காரனான எனக்கு ஒரு பொறாமை உண்டு. பங்குனி பிறந்தபின் போனால் ஏமாற்றம்தான், தை மாதத்தில் போங்கள்.

நாகப்பட்டினம், இளைஞர்: அண்ணே, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

8×42, அதாவது எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி. அதற்கு மேல் பெருக்கம் வேண்டாம், கை நடுங்கினால் படமும் நடுங்கும். முக்காலியோடு பெரிய குழாய்த் தொலைநோக்கி வைத்துக்கொண்டு வயல் வரப்பில் நின்றால் வேறொரு சிக்கல் வரும். ஒருமுறை பத்துப் பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள், எண்ணெய் எடுக்க நிலம் அளக்க வந்தவன் என்று. உப்புக்கொத்தியைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அதில் ஒரு பெரியவர், 'இந்தத் தம்மாத்துண்டுக்கா இவ்வளவு பெரிய குழாய்?' என்றார்.

வேதாரண்யம், உப்பளத் தொழிலாளி: காலில் வளையம் போட்ட உள்ளான் ஒன்று செத்துக் கிடந்தது. என்ன செய்வது?

வளையத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் அப்படியே போட்டோ எடுங்கள், இடம், தேதி குறித்து வனத்துறையிடம் சொல்லுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாகப் பறவை பிடித்து வளையமிட்டு விடுகிறது. வேறு நாட்டு வளையமாகவும் இருக்கலாம். இப்படிக் கண்டெடுத்துச் சொன்ன எண்களை வைத்துத்தான் எந்தப் பறவை எங்கே போகிறது என்பதே முதலில் தெரிய வந்தது. பறவையை வெறும் கையால் தொடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ரோட்டோரம் காட்டு வாத்து விற்கிறார்கள். வாங்கிச் சாப்பிட்டால் தப்பா?

தப்புதான், 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மடையானும் கொக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் மடையான் கறி ஆகியிருக்கிறது, மறைக்கவில்லை. இப்போது விற்பதைப் பார்த்தால் சண்டை போட வேண்டாம், வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.

மயிலாடுதுறை, ஐந்தாம் வகுப்பு: குட்டிப் பறவைக்கு யார் வழி சொல்வார்கள்?

வரித்தலை வாத்துக் குஞ்சு அப்பா அம்மாவோடு சேர்ந்து வரும் கண்ணு. உள்ளான் குஞ்சு பாவம், பெரியவை முன்னாலேயே கிளம்பிவிடும். பிறந்து சில வாரமே ஆன குஞ்சு தானாகப் பின்னால் பறந்து வரும். சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தம் எல்லாவற்றையும் பார்த்துத் திசை பிடிக்கும். முதல் வருடம் வந்த சில குட்டிகள் திரும்பிப் போகாமல் கோடை முழுக்க இங்கேயே சுற்றும். ஆடி மாதம் உப்பளத்தில் உள்ளான் தெரிந்தால் அந்தக் குட்டியாக இருக்கலாம்.

தஞ்சாவூர், ஐ.டி. ஊழியர்: ஒரே ஒரு ஞாயிறு லீவு. வடுவூரா, கோடியக்கரையா?

பங்குனி என்றால் கோடியக்கரை. சனி ராத்திரியே வேதாரண்யம் வந்து தங்குங்கள், விடிகிறபோது உப்பளத்தில் இருக்க வேண்டும். கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று மீனவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் சேற்றுத்திட்டு மூழ்கினால் அங்கே மேய்ந்தவை எல்லாம் பாத்திகளில் வந்து ஒண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் எல்லாமே கானலாக நெளியும். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம், உப்பளத்தில் நிழல் கிடையாது.