அதிபர் விவாதத்துக்கு மார்க் போடுவது எப்படி? கேள்வி பதில்

கல்லூரி விவாதப் போட்டிகளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் நடுவராக உட்கார்ந்தவள் நான். அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதங்களை நோட்டும் பேனாவுமாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பது என் பைத்தியம். அதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

புதுமுகம்: மேடம், முதல் தடவையா ஒரு விவாதத்தை முழுசா உட்கார்ந்து பார்க்கப் போறேன். எதைக் கவனிக்கணும்?

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் அதை நாலு வார்த்தையில் எழுதுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. வேட்பாளர் முப்பது விநாடி பேசியதும் கேள்வி என்ன என்பதே நமக்கு மறந்துவிடும். அவருக்கு வேண்டியதும் அதுதான். பிறகு இரண்டு பக்கமும் குறியுங்கள்: பதில் சொன்னாரா, நழுவினாரா, எதிராளி வைத்த குற்றச்சாட்டைத் தொட்டாரா, தொடாமல் விட்டாரா.

உதாரணத்துக்கு 1992 அக்டோபர் 15, ரிச்மண்ட். பொதுமக்களே கேள்வி கேட்ட விவாதம். ஒரு பெண் எழுந்து, தேசியக் கடன் உங்கள் சொந்த வாழ்க்கையை எப்படிப் பாதித்தது, பாதிக்கவில்லை என்றால் எங்கள் கஷ்டத்துக்கு நீங்கள் எப்படி வழி காண முடியும் என்று கேட்டார். அப்போதைய அதிபர் புஷ் (அப்பா) கைக்கடிகாரத்தைப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். எல்லோருக்கும் அந்தக் கடிகாரம்தான் ஞாபகம். என் தாளில் அது ஓரத்தில்தான் இருக்கிறது. நடுவில் இருப்பது வேறு: புஷ் வட்டி விகிதத்தில் ஆரம்பித்து, கேள்வி சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்தப் பெண் 'கடன்' என்று சொன்னாலும் கேட்டது மந்தநிலையைப் பற்றி என்று நெறியாளர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எதிர்த்து நின்ற கிளின்டன் நேரே அந்தப் பெண் பக்கம் நடந்து போய், உங்களை எப்படிப் பாதித்தது என்று திருப்பிக் கேட்டார். வேலை போனவர்களைப் பெயர் சொல்லித் தெரியும் என்றார். ஒருவர் காதில் வார்த்தை மட்டும் விழுந்தது, இன்னொருவர் காதில் கேள்வியே விழுந்தது. மார்க் அங்கேதான் பிரிந்தது. கடிகாரம் இல்லாவிட்டாலும் புஷ் அந்தக் கேள்வியில் தோற்றிருப்பார்.

கடைசியாக ஒன்று. இன்று இதைப் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: விவாதம் முடிந்த அடுத்த விநாடி டிவியை அணையுங்கள். தீர்ப்பை எழுதிவிட்டு அப்புறம் போடுங்கள்.

இரவுப்பறவை: அப்படி என்ன அவசரம்? நிபுணர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு எழுதினால் என்ன?

எழுதுவது உங்கள் தீர்ப்பாக இருக்காது. 1976-ல் கார்ட்டரோடு நடந்த விவாதத்தில் அதிபர் ஜெரால்டு போர்டு, சோவியத் ஆதிக்கம் கிழக்கு ஐரோப்பாவில் இல்லை என்று சொன்னார். கேள்வி கேட்ட பத்திரிகையாளரே நம்ப முடியாமல் திருப்பிக் கேட்டார். ஆனால் அன்று இரவே கருத்துக் கேட்டபோது பார்வையாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் செய்திகள் அதையே போட்டுத் தாக்கிய பிறகு, கார்ட்டர்தான் ஜெயித்தார் என்று எண்ணம் புரண்டது.

என் கதையும் உண்டு. 2000 அக்டோபர் 3, பாஸ்டன், அல் கோர் – புஷ் (மகன்) விவாதம். கோர் பெருமூச்சு விட்டுப் பெருமூச்சு விட்டே தோற்றார், அன்றே எனக்குத் தெரியும் என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு மாற்றும்போது அந்தப் பழைய நோட்டு கிடைத்தது. என் கையெழுத்தில் 'கோர், நூலிழையில்' என்று இருக்கிறது. பெருமூச்சு என்ற வார்த்தை ஒரே ஒரு இடத்தில், கேள்விக்குறியோடு. அடுத்த சில நாள் டிவி அந்த மூச்சுகளைக் கோத்துக் கோத்துக் காட்டியதை என் நினைவாகவே மாற்றி வைத்திருக்கிறேன்.

குழப்பவாதி: கண் சிமிட்டுவது, கை கட்டுவதை வைத்துப் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கலாமா?

முடியாது.

சட்டம் படிப்பவன்: மூன்றாவது கட்சி வேட்பாளர்களை ஏன் மேடையில் ஏற்றுவதில்லை?

1987-ல் உருவான விவாத ஆணையம், தேசியக் கருத்துக்கணிப்புகளில் சராசரியாக 15 சதவீதம் வேண்டும் என்று வைத்திருந்தது. 2024-ல் இரு தரப்பும் ஆணையத்தையே ஒதுக்கிவிட்டுத் தொலைக்காட்சிகளோடு நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். நியாயமா என்பது வேறு துறை.

அலைவரிசை: எப்படித் தோன்றுகிறார்கள் என்பதுதானே எல்லாம்? 1960-ல் டிவியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி, வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் ஜெயித்தார். இது உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

உலகத்துக்குத் தெரிந்த விஷயம்தான். ஆதாரத்தைத் தூக்கிப் பார்த்தால் கை வலிக்காது, அவ்வளவு சின்னது. சின்ட்லிங்கர் என்ற நிறுவனத்தின் ஒரே ஒரு கருத்துக்கணிப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் வானொலியில் கேட்டவர்கள் 282 பேர். 1960-ல் பெரும்பாலான வீடுகளில் டிவி வந்துவிட்டது. அப்போதும் வானொலியில் கேட்டவர்கள் யார்? கிராமப்புறத்தார், கத்தோலிக்கரான கென்னடி மேல் ஏற்கெனவே தயக்கம் உள்ளவர்கள் அதில் அதிகம் இருந்திருக்கலாம். விவாதத்துக்கு முன்பே நிக்சன் பக்கம் இருந்தவர்களா என்று பிரித்துப் பார்க்கவில்லை. 1987-லேயே இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கட்டுக்கதை என்று எழுதிவிட்டார்கள்.

அலைவரிசை: அப்போ நிக்சனின் வெளிறிய முகம், சாம்பல் சூட் எல்லாம் பொய்யா?

இல்லை. முழங்கால் தொற்றால் மருத்துவமனையில் கிடந்து எடை குறைந்து வந்திருந்தார். சூட் பின்னணிச் சுவரோடு கலந்துபோனது. தாடி நிழலை மறைக்கப் பூசிய பவுடர் வியர்வையில் கைவிட்டது. எல்லாம் உண்மை. அதனால் தோற்றார் என்று நிரூபணம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மறுப்பாளர்: இருக்கிறதே! ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற ஆய்வாளர் 2003-ல் அதே விவாதத்தை ஒரு குழுவுக்கு ஒலியாகவும் இன்னொரு குழுவுக்குக் காட்சியாகவும் கொடுத்துப் பார்த்தார். காட்சி பார்த்தவர்கள்தான் கென்னடியை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். மேடம் வசதியாக மறந்துவிட்டார்.

மறக்கவில்லை, நீங்கள் வருவீர்கள் என்று காத்திருந்தேன். நல்ல ஆய்வு. பிம்பம் தீர்ப்பை அசைக்கிறது என்று காட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்பது வருஷம் கழித்து, வேறு காலத்தில் வளர்ந்தவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்தது, 1960 செப்டம்பர் 26 இரவு வீட்டில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது.

யார் ஜெயிச்சது: 2024 செப்டம்பர் விவாதத்தில் யார் ஜெயித்தார்?

விவாதமா தேர்தலா? விவாதம் பார்த்தவர்களிடம் சிஎன்என் எடுத்த உடனடிக் கணிப்பில் ஹாரிஸ் 63 சதவீதம், ட்ரம்ப் 37. தேர்தலில் ஜெயித்தவர் ட்ரம்ப். 2012 டென்வரில் ரோம்னி ஒபாமாவைத் துவைத்து எடுத்தார், நவம்பரில் தோற்றார். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இந்தக் கணிப்புகள் பார்த்தவர்களை மட்டும் கேட்பவை. ஒரு கட்சிக்காரர்கள் அதிகம் பார்த்தால் எண்ணும் அந்தப் பக்கம் சாயும்.

அலைவரிசை: மேடம், பேச்சை மாற்றாதீர்கள். வானொலி விஷயம் முடியவில்லை.

தெரியும். பதிவு இணையத்தில் கிடைக்கிறது. திரையை மூடிவிட்டு ஒரு மணி நேரம் காதால் கேளுங்கள். பிறகு வாருங்கள்.

ஆசிரியை: மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பதிலே சொல்லாமல் நகைச்சுவையால் தப்பித்தால் மார்க் உண்டா?

அருமையான கேள்வி டீச்சர். 1984 கன்சாஸ் சிட்டி. ரீகனுக்கு 73 வயது. முந்தைய விவாதத்தில் தடுமாறியிருந்தார். நெருக்கடி வந்தால் தூக்கமில்லாமல் நாள் கணக்கில் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டார்கள். என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியலுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார். எதிராளி மாண்டேலுக்கு அப்போது 56. மாண்டேலே சிரித்துவிட்டார். என் கல்லூரிப் போட்டியில் இது பூஜ்யம், கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் இந்த மேடையில் எதிராளியைச் சிரிக்க வைத்தால் அவர் அதே ஆயுதத்தை மறுபடி எடுக்க முடியாது. நான் இரண்டு மார்க் எழுதுவேன்: வாதத்துக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று. கூட்ட மாட்டேன்.

நேர் எதிர் உதாரணம் 1988-ல் போட்டியிட்ட டுகாகிஸ், மரண தண்டனையை எதிர்த்தவர். உங்கள் மனைவியை வன்புணர்ந்து கொன்றவனுக்கும் மரண தண்டனை வேண்டாமா என்று முதல் கேள்வியே அப்படி. வேண்டாம் என்று காரணத்தோடு நேராகப் பதில் சொன்னார். வாதத்துக்கு முழு மார்க். குரல் ஒரு இழை கூட ஏறி இறங்கவில்லை, ஆட்டத்தில் போயிற்று. மாணவர்களிடம் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள், வகுப்பில் சண்டை நடக்கும்.

ஸ்க்ரோல்: முழுசா பார்க்க நேரமில்லை. கிளிப் பார்த்து மார்க் போடலாமா?

கிளிப்பை வெட்டியவருக்கு மார்க் போடலாம்.

தொழில்நுட்பம்: மைக்கை அணைத்து வைப்பதால் உங்கள் முறை மாறுகிறதா?

மாறுகிறது. 2024 ஜூனில் அட்லாண்டாவில் நடந்த பைடன் – ட்ரம்ப் விவாதத்தில் பார்வையாளர் இல்லை, முறை வராதவரின் மைக் மூடியிருந்தது. குறுக்கீடு கேட்காது. அதனால் பேசாதவரின் முகம்தான் இரண்டாவது பேச்சு. பைடன் வாய் லேசாகத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்த முகத்துக்கு எத்தனை பேர் மார்க் போட்டார்கள் என்று யோசியுங்கள். பிரான்சில் 1981-லேயே அதிபர் வேட்பாளர் மித்தரான் தரப்பு, ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைக் காட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டது. விவரமான ஆள்.

புதியவர்7: யார் ஜெயித்தார் என்று எப்படி முடிவு செய்வது?

மேலே.

புதியவர்9: விவாதம் முடிந்ததும் எந்த சேனல் பார்க்கலாம்?

டிவியை அணையுங்கள்.

அலைவரிசை: கேட்டேன். முழுசா, இருட்டில். நிக்சன் முதல் பேச்சிலேயே, கென்னடி சொன்னதில் நம்மில் பலரும் உடன்படலாம் என்று ஆரம்பிக்கிறார். எனக்கு அங்கேயே உறுத்தியது. முகமே பார்க்கவில்லை மேடம்.

என் 1960 தாளில் நிக்சன் பக்கம் முதல் வரி அதுதான்.

அலைவரிசை: இருந்தாலும் நிக்சன் குரல் நல்ல குரல்.

அதுவும் இருக்கிறது, மூன்றாவது வரி.