திறனற்றவர் என்னும் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளரும் நாடுகளின் பொருளாதாரம் குறித்துத் தாங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் பொருளியல் முதுகலை மாணவன். ஏழை நாடு ஒன்று ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ச்சியை 30 ஆண்டுகள் தொடர்ந்து எட்ட முடியுமா என்பதே என் ஆய்வேட்டின் கேள்வி. மக்கள்தொகைப் பெருக்கம், இயற்கை வளம் இல்லாமை, முதலீட்டுப் பற்றாக்குறை ஆகிய மூன்றும்தான் தடைகள் என்று எண்ணுகிறேன். இந்நாடுகளிடம் உள்ளது மலிவான, திறனற்ற உழைப்பு மட்டுமே. இயந்திரங்கள் பெருகும்போது அதுவும் மதிப்பிழந்துவிடும். படிக்கப் படிக்க நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. என் எண்ணம் சரியா?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை இருமுறை வாசித்தேன். எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவோடு இத்துறையைப் படிப்பவருக்குத்தான் அந்தச் சோர்வு வரும். அது வந்ததற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதற்குச் சற்று முன்பு நீங்கள் போகிறபோக்கில் எழுதிய 'திறனற்ற' என்னும் சொல்லைப் பற்றித்தான் சில வாரங்களாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் தலைமையில் அமைந்த வளர்ச்சி ஆணையம், 2008-ல் வெளியிட்ட அறிக்கையில், 1950-க்குப் பிறகு ஆண்டுக்குச் சராசரியாக 7 விழுக்காடோ அதற்கு மேலோ 25 ஆண்டுகளுக்குக் குறையாமல் வளர்ந்த பொருளாதாரங்களைக் கணக்கிட்டு 13 பெயர்களைத் தந்தது. ஜப்பான், தென்கொரியா, தைவான், சீனா ஆகியவை இருக்கும் என நீங்களே ஊகித்திருப்பீர்கள். போட்ஸ்வானாவும் ஓமனும் மால்டாவும் பிரேசிலும் அதில் இருக்கின்றன. ஆகவே நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1960-ல் நடுத்தர வருமானம் கொண்டிருந்த 101 பொருளாதாரங்களில் 2008-க்குள் உயர் வருமான நிலையை அடைந்தவை 13 மட்டுமே என்று உலக வங்கி கணித்தது. இதுவும் 13 என்றாலும் இரண்டும் ஒரே பட்டியல் அல்ல. முதல் பட்டியலில் உள்ள பிரேசில் இரண்டாவதில் இல்லை. கடன் வாங்கி ஓடிய அந்த ஓட்டம், 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் கடனைக் கட்ட இயலவில்லை என்று அறிவித்ததைத் தொடர்ந்து லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவிய நெருக்கடியில் நின்றுபோயிற்று.

மக்கள்தொகையைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. 1970 வாக்கில் வங்கதேசத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஏழு குழந்தைகள். இன்று இரண்டையொட்டி இருக்கிறது. பழசாகிவிட்ட அச்சம் அது, விட்டுவிடுங்கள். இயற்கை வளமும் அப்படியே. நவூரு என்னும் சிறு தீவு 1970-களில் பாஸ்பேட்டை வெட்டி விற்று, தலைக்கு வருமானத்தில் உலகின் உச்சத்திலிருந்த நாடுகளோடு சேர்ந்து நின்றது. வெட்டி முடிந்ததும் எஞ்சியது, சுண்ணாம்புப் பாறைக் கூர்கள் நீட்டி நிற்கும் தரிசும், கரைந்துபோன சேமிப்பு நிதியும்தான்.

முதலீட்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் அங்குதான் உங்கள் பாடப்புத்தகம் உங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறது. கானா 1965-ல் அகோசோம்போ அணையைக் கட்டி முடித்தது. அதன் பின்னால் பரப்பளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரி உருவாயிற்று, மின்சாரம் வந்தது, அதைக் கொண்டு அலுமினிய உருக்காலையும் இயங்கத் தொடங்கியது. ஆனால் கானாவின் மண்ணிலேயே அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்க, அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும், ஆலைக்கு வேண்டிய அலுமினா கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்தது. மண்ணுக்கும் ஆலைக்கும் நடுவே இருக்க வேண்டிய படிகளை அந்நாட்டவர் கற்றுக்கொள்ள அந்த ஏற்பாட்டில் இடமே வைக்கப்படவில்லை. பணம் வந்தது, கான்கிரீட் வந்தது, படிப்பு வரவில்லை. பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957-லேயே, அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரை ஒரு மணிநேர உழைப்பின் விளைச்சல் பெருகியதில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கை, கூடுதலாகச் சேர்ந்த மூலதனத்தைக் கொண்டு விளக்க முடியவில்லை என்று காட்டிவிட்டார். அந்த எச்சத்துக்குத் தொழில்நுட்ப மாற்றம் என்று பெயரிட்டார்கள். இன்னொரு பொருளியலாளரான மோசஸ் அப்ரமோவிட்ஸ் அதை நம் அறியாமையின் அளவு என்று சொன்னார்; எனக்கு அவர் சொன்னதுதான் நேர்மையாகப் படுகிறது.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 'மலிவான, திறனற்ற உழைப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். மலிவு என்பது கூலியைப் பற்றிய செய்தி. அதைக் கணக்கிலிருந்து எடுத்துக்காட்டலாம். திறனற்ற என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஓர் ஆலைக்குள் ஒரு முழுநாள் நின்று பார்த்தீர்களா? பார்க்காமல் எழுதியிருந்தால் அது சோம்பல். கோடிக்கணக்கான மனிதர்களைப் பற்றிச் சோம்பலாக எழுதும் உரிமை முதுகலை மாணவருக்கும் கிடையாது, பேராசிரியருக்கும் கிடையாது. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. அதே சொல்லை என் கையால் நூற்றுக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன் என்பதால்தான் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் நான் கணக்கெழுதினேன். கூலிப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே திறனுள்ளவர், அரைத்திறனுள்ளவர், திறனற்றவர் என்னும் மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். காலர் பகுதியில் வேலை செய்த நடுவயதுப் பெண் ஒருவர் இயந்திரத்தில் அமர்வதில்லை. தைத்து வரும் காலர்களைப் புறம் திருப்பி, முனைகளைக் கூராக்கி, அடுக்கி வைப்பார். ஹெல்ப்பர், ஆகவே திறனற்றவர். சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒரு கேன்வாஸ் துணி வைக்கிறார்கள். அதிலுள்ள பசைப் புள்ளிகள் சூட்டிலும் அழுத்தத்திலும் உருகி மேல்துணியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சூடு கொஞ்சம் குறைந்தாலும் ஒட்டியதுபோலவே தெரியும். சட்டையைத் துவைத்த பிறகுதான் காலரில் கொப்புளம் எழும். அந்த அம்மா ஒரு நாள் காலரின் விளிம்பை நகத்தால் நெருடி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, ஒட்டவில்லை என்றார். மேற்பார்வையாளர் இயந்திரத்தின் முள்ளைப் பார்த்தார். முள் சரியான எண்ணைக் காட்டியது. மறுநாளும் சொன்னார், மூன்றாம் நாளும் சொன்னார். அதன் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். ஏற்றுமதிக்கு முந்தைய சோதனையில் துவைத்துப் பார்த்தபோது காலர்கள் கொப்புளித்தன, சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. பழுது முள்ளில் இருந்தது. அந்த நட்டத்தை இயந்திரக் கோளாறு என்ற தலைப்பில் நான் பதிந்தேன். மூன்று நாள் முன்பே அது ஒருவருக்குத் தெரிந்திருந்தது என்பதை எழுத என் பேரேட்டில் இடம் இல்லை. அந்த மாதப் பதிவேட்டிலும் அவர் பெயருக்கு எதிரே திறனற்றவர் என்றுதான் எழுதினேன்.

அப்ரமோவிட்ஸ் சொன்ன அறியாமை என்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம். கூலிப் பதிவேட்டிலும் தேசியக் கணக்கிலும் ஏறாத இந்த அறிவுதான் ஆண்டு முடிவில் எச்சமாக வந்து நிற்கிறது.

வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொரிய ஆடைகளுக்குப் பணக்கார நாடுகள் ஒதுக்கீட்டு வரம்பு விதித்திருந்ததால், தென்கொரியாவின் தேவூ நிறுவனம் வரம்பில்லாத ஒரு நாட்டைத் தேடியது. முன்னாள் அரசு அதிகாரியான நூருல் காதர் தொடங்கிய தேஷ் கார்மென்ட்ஸ் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1979-ல் 130 பேரைக் கொரியாவின் பூசான் நகருக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்கள் எந்தச் சூத்திரத்தையும் கொண்டுவரவில்லை. துணியை எப்படி அடுக்கி வெட்டுவது, தையல் வரிசையில் யாருக்குப் பின் யார் அமர்ந்தால் பீஸ்கள் தேங்காது, உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து ஒட்டிக் காட்டிய பிறகே புது ஊசி தர வேண்டும் என்பது ஏன், வாங்குபவரிடம் தேதி தவறினால் என்ன ஆகும் என்பனவற்றைத்தான் கற்றுக்கொண்டு வந்தார்கள். திரும்பி வந்தவர்களில் 115 பேர் அடுத்த சில ஆண்டுகளில் தேஷை விட்டு விலகித் தாமே ஆலை தொடங்கினார்கள் அல்லது பிறர் ஆலைகளுக்குச் சென்றார்கள். நிறுவனருக்கு அது நட்டம். நாட்டுக்கு ஒரு தொழில் கிடைத்தது. ஏற்றுமதி ஆணையையே பிணையாக வைத்துத் துணி வாங்க வங்கிகள் கடனுறுதி தந்ததால், கையில் பணம் இல்லாதவரும் ஆலை வைக்க முடிந்தது. அறிவு முன்னே போயிற்று, முதலீடு அதன் பின்னால் வந்தது. நீங்கள் அதைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள். 2005-ல் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபோது இத்தொழில் அழிந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது மேலும் வளர்ந்தது.

கற்றவர் விலகிப் போய்விடுவார் என்று தெரிந்தால் எந்த முதலாளியும் கற்றுக்கொடுக்கச் செலவிடத் தயங்குவார். அங்குதான் அரசுக்கு வேலை இருக்கிறது. தென்கொரியா மலிவான கடனைக் கொடுத்தது, ஆனால் ஏற்றுமதி இலக்கைக் கட்டாயமாக்கியது. அதன் அன்றைய அதிபர் பார்க் சுங்-ஹீ மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டத்தில் தாமே அமர்ந்து கணக்குக் கேட்டார். அவர் ஆட்சியின் அடக்குமுறையை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். கற்றுக்கொண்டாயா என்று கேட்காமல் சலுகை தரக் கூடாது என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். அப்படிக் கேட்காமல், உயர்ந்த இறக்குமதி வரி என்னும் சுங்கச் சுவருக்குள் தொழில்களை வளர்த்த நாடுகள் பல. அவற்றின் ஆலைகள் நெடுங்காலம் சுவருக்குள்ளேயே இருந்தன.

இயந்திரங்களைப் பற்றிய உங்கள் கவலை பொய்யல்ல. முன்பு தொழில்மயமான நாடுகளைவிடக் குறைந்த வருமான நிலையிலேயே இன்றைய வளரும் நாடுகளில் ஆலை வேலைகளின் பங்கு உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிறது என்று பொருளியலாளர் டானி ரோட்ரிக் காட்டியிருக்கிறார். ஏணியின் படிகள் குறைந்துவருகின்றன. வங்கதேசமோ நாற்பதாண்டுகளுக்குப் பிறகும் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகளையே நம்பியிருக்கிறது. ஒரு படியில் ஏறக் கற்றவர்கள் அடுத்த படிக்குப் போகாமல் நிற்பது ஏன் என்று நீங்கள் ஆராய்ந்தால் அது பயனுள்ள ஆய்வேடாக இருக்கும். என் ஊகத்தைச் சொல்கிறேன். 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் கண்டன. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. மேல்தளங்களின் தையல் தொழிலாளர்கள் விரிசலைத் தம் கண்ணால் பார்த்தவர்கள். உள்ளே போக அஞ்சியவர்கள். மறுநாள் காலை அவர்களை உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனக்குத் தெரிந்ததைத் தொழிலாளி சொல்ல முடியாத ஆலை, சட்டை தைக்கும் வரை வளரலாம். அதற்கு மேலான எதையும் அது எப்படிக் கற்றுக்கொள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை. கொப்புளித்த காலரும் இடிந்த கட்டடமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கேட்டவர் இல்லை.

ஆய்வேட்டை எழுதி முடிக்கும் முன் ஒரு மாதம் ஏதேனும் ஓர் ஆலையில் போய் இருங்கள். மேலாளரிடம் பேட்டி எடுக்க வேண்டாம். பதிவேட்டில் திறனற்றவர் என்று குறிக்கப்பட்ட யாராவது ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவர் செய்வதை நீங்களும் செய்து பாருங்கள். எத்தனை நாளில் அவர் வேகத்துக்கு உங்களால் வர முடிந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.