ஆஃபர் லெட்டர் இருக்கிறது, ஜாய்னிங் தேதி வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி: என் மகன் இசிஇ முடித்துவிட்டான். கேம்பஸில் ஒரு ஐடி கம்பெனி எடுத்தது. இப்போது சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கல்விக்கடன் நான்கு லட்சம் இருக்கிறது. காத்திருக்கலாமா, எம்.இ. சேர்த்துவிடலாமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: சும்மா காத்திருக்க வேண்டாம் அம்மா. அதற்காக ஆஃபரை விடவும் வேண்டாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். தொழில் மந்தமானால் கம்பெனிகள் முதலில் கை வைப்பது புதிதாக ஆள் எடுப்பதில்தான். 2008-09 நெருக்கடியிலும் ஐடி நிறுவனங்கள் இப்படித்தான் தேதியைத் தள்ளிப்போட்டன. உங்கள் மகனிடம் ஏதோ குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சேரும் தேதி போட்டிருக்கிறதா, "பின்னர் தெரிவிக்கப்படும்" என்றுதான் இருக்கிறதா? ஆஃபர் எதுவரை செல்லும்? இத்தனை வருடம் விலகக் கூடாது என்ற பாண்ட் உண்டா? பிறகு மாதம் ஒருமுறை ஹெச்ஆருக்கு மெயில் அனுப்பட்டும். போன் போதாது, பதில் எழுத்தில் வேண்டும். வங்கிக்குப் போகும்போது அந்த மெயில்கள் தேவைப்படும்.

இடைவெளியை நிரப்ப நான் முதலில் சொல்வது அப்ரண்டிஸ் பயிற்சியை, அதாவது உதவித்தொகையோடு நிறுவனத்திலேயே வேலை பழகுவதை. பலர் இதை ஐடிஐ பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பட்டதாரிகளுக்கும் உண்டு. தெற்கு மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் மத்திய அரசின் தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் தரமணி சிஐடி வளாகத்தில்தான் இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கான மத்திய அரசின் நாட்ஸ் (NATS) இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. பயிற்சி ஓராண்டு. 2019 விதிகளில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். அதற்கு மேல் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. இசிஇ படித்தவருக்கு நந்தம்பாக்கம் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற இடங்களின் அறிவிப்புகளை விடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிவில் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பட்டச் சான்றிதழில் பின்னால் இருக்கும். சிலருக்கு இனிஷியல் அப்பாவின் முழுப்பெயராகவே விரிந்திருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். உதவித்தொகையில் அரசின் பங்கு நேராகக் கணக்குக்கு வருவதால் வங்கிக் கணக்கும் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இன்னொன்று: ஓராண்டு வேலை அனுபவம் சேர்ந்துவிட்டால் இதில் சேர முடியாது. வேறு வேலைக்குப் போய்விட்டு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நடுவில் ஐடி கம்பெனி கூப்பிட்டால் எப்படி விலகுவது என்று கேட்டுக்கொள்ளட்டும். அப்ரண்டிஸுக்குப் பிஎஃப் பிடிப்பதில்லை; ஆகவே முடித்ததும் தரும் சான்றிதழ்தான் ஆதாரம், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து கடன். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான்கு லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 40,000, மாதம் ஏறக்குறைய 3,330. இதைக் கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும்போது அசலோடு சேர்ந்து, வட்டிக்கு வட்டி ஆகும். அப்ரண்டிஸ் உதவித்தொகையில் முதல் செலவு இந்த வட்டியாக இருக்கட்டும்.

சலுகைக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கிளைக்குப் போய், ஹெச்ஆர் மெயிலையும் இணைத்து, கால நீட்டிப்பு கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் வராதீர்கள். தவணை தொடங்கி 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். மகனுடைய சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்) மட்டுமல்ல, கூடக் கையெழுத்துப் போட்ட பெற்றோரின் சிபிலும் விழும். நாளைக்கு அவன் வங்கி வேலைக்கு எழுதினால் அங்கும் இதைப் பார்ப்பார்கள்.

எம்.இ.? எம்.இ. சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் மதிப்பெண் இருந்தால் தாராளமாக. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் அங்கீகாரமுள்ள கல்லூரியில் அந்தத் தகுதியோடு சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, மதிப்பெண்ணும் மூன்றாண்டு செல்லும். வேலை இல்லை என்பதற்காக இன்னொரு கடன் வாங்கி ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ப்பதை நான் ஒப்பமாட்டேன். இரண்டு வருடம் கழித்து இரட்டைக் கடனோடு இதே கேள்விக்குத் திரும்பி வருவீர்கள்.

உங்கள் பயத்தைப் பார்த்து வருகிறவர்களிடம் மிகவும் ஜாக்கிரதையாக இருங்கள். "இரண்டு லட்சம் கொடுங்கள், பேக்டோரில் போட்டுவிடுகிறோம்" என்று குறுக்கு வழி காட்டுவார்கள். "இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தருகிறோம்" என்பார்கள். பொய் அனுபவம் காட்டிச் சேர்ந்தால், பின்புலச் சரிபார்ப்பில் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வைத்து எந்தக் கம்பெனியில் எந்த மாதம் பிஎஃப் கட்டப்பட்டது என்று பார்த்துவிடுகிறார்கள். சேர்ந்து ஆறு மாதம் ஆன பிறகும் அனுப்பிவிடுவார்கள். முறையான கம்பெனி எதுவும் வேலை தர டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் கட்டணம் என்று கேட்காது. ஆன்லைனில் யாருக்காவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.