மறதி நோய்க்கு வலி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. அல்சைமர் நோய் இருக்கிறது. மூளையில் ஏற்படும் அழற்சிதான் இதற்குக் காரணம் என்று படித்தேன். மூட்டு வலிக்கு எப்போதாவது சாப்பிடும் இபுப்ரோஃபென் மாத்திரையை இனி தினமும் கொடுக்கலாமா? நான்கு நாட்களாகப் பகலெல்லாம் தூங்கி வழிகிறார். இரவில் யாரோ அறைக்குள் நிற்பதாகச் சொல்கிறார். நோய் முற்றிவிட்டதா?

பதில்: மாத்திரை இருக்கட்டும், அந்த நான்கு நாட்களைப் பற்றி முதலில் பேசுவோம். அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகரும் நோய். திடீரென்று இப்படிக் குழப்பம் வந்தால், அதை டெலிரியம், அதாவது உடலில் வேறொரு கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பம் என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து என எதுவும் காரணமாகலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் படித்த அழற்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மூளைக்கென்று மைக்ரோகிளியா என்ற எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதக் கழிவை விழுங்கி அகற்றுவது அவற்றின் வேலைகளில் ஒன்று. அந்த வேலைக்குத் தேவையான டிரெம்2 மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால், ஓயாமல் தூண்டப்படும்போது இதே அணுக்கள் நரம்பு இணைப்புகளையும் சிதைக்கத் தொடங்குகின்றன. அல்சைமர் உள்ள மூளையில் அவை ஏற்கெனவே சீறத் தயாராக இருப்பதால், சிறுநீர்ப்பையில் கிளம்பும் ஒரு தொற்றின் சமிக்ஞை ரத்தம் வழியே வந்தாலே போதும், மூளை தடுமாறுகிறது. ஆக, அழற்சிக்கு இந்த நோயில் பங்கு உண்டு. அது மட்டுமே காரணம் என்பது மிகை.

இனி மாத்திரை. கொடுக்க வேண்டாம். மூட்டு வலிக்காக நெடுநாள் இத்தகைய மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் குறைவாகக் காணப்பட்டது உண்மை. அதை நம்பி, 70 வயதைத் தாண்டிய சுமார் 2,500 பேரிடம் இதே வகையைச் சேர்ந்த நாப்ராக்சன், செலிகாக்சிப் மருந்துகளைச் சோதித்தார்கள். இதய பாதிப்பு பற்றிய அச்சத்தால் 2004-இல் மருந்து நிறுத்தப்பட்டது. மறதி நோயைத் தடுத்ததாகவும் தெரியவில்லை. இந்த வயதில் தினமும் இபுப்ரோஃபென் என்றால் வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் பொருந்துமா என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். சளி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்தக் குழப்பத்துக்கு அவையே காரணமாகவும் இருக்கலாம்.